பெயர் வேண்டாம், ஐயா



இந்த வாரத் தியானத்தை ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். ஒரு சகோதரனைப் பற்றி இதில் எழுதுகிறேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்னவற்றை நீக்கி, அவர் சம்மதித்த பிறகே உங்கள் முன் வைக்கிறேன். வாசிக்கும்போது, "இது யாராக இருக்கும்?" என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழக்கூடும். எழுந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்றைய தியானமே அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மீனவ இளைஞர் என்னைத் தேடி வந்தார். இரவு நேரம். வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வர மறுத்தார். தமக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது என்றும், செங்கல்பட்டுக்குப் போய் இன்னொரு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்றும், தனியாகப் போக மனம் துணியவில்லை என்றும் சொன்னார். "எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்ல முடியாது, ஐயா. நீங்க வேற ஊர்க்காரர். அதனாலதான் வந்தேன்" என்றார். போதகர் என்பதற்காக அவர் என்னிடம் வரவில்லை, அந்நியன் என்பதற்காக வந்தார். அந்தச் சொல் எனக்குள் எங்கே தைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலை திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சென்றோம். இரத்தம் எடுத்தார்கள். வீடு திரும்பினோம். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது: மாதிரி உறைந்துவிட்டது, மீண்டும் வந்து கொடுக்கவேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அன்றைய வருமானம் இல்லை. வேறொருவருடைய கவனக்குறைவுக்கு இவர் ஏன் இரண்டாம் முறை விலை கொடுக்கவேண்டும்?

அந்தக் கோபத்தோடுதான் இரண்டாம் முறை போனேன். நடைபாதையில் ஐம்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜன்னலருகே சென்று, அந்தச் சகோதரனின் பெயரை உரக்கச் சொல்லி, போன வாரம் எடுத்த இரத்தம் கெட்டுப்போனதாக நீங்கள்தானே கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். உள்ளே இருந்த ஆய்வக உதவியாளர் ஓர் இளம்பெண். அவர் எழுந்து ஜன்னலுக்கு மிக அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "பேர் வேண்டாங்க ஐயா. நம்பர் சொன்னாப் போதும்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அந்த இளைஞர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரியமானவர்களே, அன்று அந்தப் பெண் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றை நான் எந்த வேதாகமக் கல்லூரியிலும் கற்கவில்லை. கூட்டம் குறைந்த பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இரத்தம் ஏன் உறைந்தது, இந்தப் பரிசோதனையில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்றும் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

கடுகு விதையைவிடச் சிறிதான ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளையணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். நோயோடு போரிடுபவை இந்த வெள்ளையணுக்கள். அவற்றுள்ளும் ஒரு சிறு பகுதிக்கு சிடி4 அணுக்கள் என்று பெயர். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு இவை ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை இருக்கும். இவற்றின் வேலை என்ன? நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள். ஒருவர் அம்பா பாட, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்கு இழுப்பார்கள். பாடுகிறவர் ஓய்ந்துவிட்டால் கைகள் இருக்கும், வலிமையும் இருக்கும், ஆனால் இழுப்பு ஒன்றுசேராது. சிடி4 அணுக்கள் உடலில் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கின்றன. மற்ற அணுக்களைத் தூண்டி ஒருங்கிணைப்பவை அவையே. எச்.ஐ.வி. கிருமி தேடிப் பிடிப்பதும் அவற்றைத்தான். எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால், சாதாரண மனிதனை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட அந்த உடலை வீழ்த்தக்கூடும்.

ஆகவே அவற்றை எண்ணவேண்டும். எண்ணுவதற்கு முன் இரத்தத்தை ஆயத்தம் செய்யவேண்டும். அந்த ஆயத்தம்தான் என்னை வியக்கச் செய்தது.

இரத்தம் ஊதா நிற மூடியிட்ட சிறு குழாயில் எடுக்கப்படுகிறது. அதன் உட்சுவரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு மருந்து பூசப்பட்டிருக்கிறது. இரத்தம் உறைய சுண்ணாம்புச் சத்து வேண்டும்; அந்த மருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் மருந்து இரத்தம் முழுவதிலும் கலந்தால்தான் பயன். எனவே எடுத்த உடனே குழாயை எட்டு முதல் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். கூட்ட நெரிசலில் இந்த அரை நிமிட வேலை தவறினால் எங்கோ ஒரு சிறு கட்டி உண்டாகிவிடும். கண்ணுக்கே தெரியாத அந்தக் கட்டிக்குள் அணுக்கள் சிக்கிக்கொள்ளும். கருவி அப்போதும் ஓர் எண்ணைத் தரும். ஆனால் அது பொய்யான எண். "பொய்யான நம்பரை அனுப்புறதைவிட, இன்னொரு தடவை வாங்கன்னு கூப்பிட்டு நாங்க திட்டு வாங்கறது மேல்" என்றார் அந்தப் பெண். நான் தலைகுனிந்தேன்.

வேகமாகவும் குலுக்கக் கூடாது. குலுக்கினால் அணுக்கள் உடையும். பனிக்கட்டியில் வைக்கக் கூடாது. மே மாத வெயிலில் நிற்கும் வண்டியிலும் விடக் கூடாது. அறையின் வெப்பநிலையே ஏற்றது. நாள்கணக்கில் வைத்திருக்கவும் இயலாது, ஏனெனில் அவை உயிருள்ள அணுக்கள். உடலை விட்டு வந்த பிறகும் சற்று நேரம் உயிரோடிருந்து நமக்காகக் காத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதலாக, குழாய் கையிலிருக்கும்போதே அதன்மேல் எண் எழுதவேண்டும். பிறகு எழுதலாம் என்று இரண்டு குழாய்களை ஒன்றாக வைத்தால், ஒருவருடைய வாழ்வு மற்றவருடைய தாளில் போய்ச் சேரும்.

ஆய்வகத்தில் அந்த இரத்தத்திலிருந்து மிகச் சிறிய அளவு, ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு துளி அளந்தெடுக்கிறார்கள். அதனோடு ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்புப் புரதங்களைச் சேர்க்கிறார்கள். அந்தப் புரதங்கள் சிடி4 அணுக்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு ஒரே இலக்கைத் தேடும் புரதங்களை உண்டாக்கும் வழியை 1975-ஆம் ஆண்டில் கோலர், மில்ஸ்டீன் என்ற இரு அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. சாயம் சேர்த்த குழாயைச் சுமார் கால் மணி நேரம் இருட்டில் வைக்கவேண்டும். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். பிறகு ஒரு திரவத்தை ஊற்றிச் சிவப்பணுக்களைக் கரைத்து, மீண்டும் இருட்டில் வைக்கிறார்கள். இறுதியாகக் கருவிக்குள் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில், லேசர் ஒளியைக் கடந்து செல்கின்றன. ஒளிர்பவற்றைக் கருவி எண்ணுகிறது.

இத்தனை கவனமும் ஒரு துளி இரத்தத்துக்காக! அந்தத் துளி யாருடையது என்பது அதைக் கையாளும் பெண்ணுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அவர் விரும்புவதும் இல்லை. ஆனால் அது ஒரு மனிதனுடையது என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சபையில் ஊழியம் செய்தேன். இளம் வயதிலேயே கணவனை இழந்த ஒரு சகோதரி அங்கே இருந்தார். ஒருநாள் என்னையும் என் மனைவியையும் சந்தித்து, தமக்கும் அந்த நோய் இருக்கிறது என்று சொல்லி அழுதார். நாங்கள் அவரோடு ஜெபித்தோம். அந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், அவர்மேல் உண்மையான பாரத்தோடுதான், நான் இப்படி அறிவித்தேன்: "கணவரை இழந்த நம் சகோதரி ஒருவர் மருந்துக்காகத் தாம்பரம் போய் வருகிறார். அவருடைய சுகத்துக்காக ஊக்கமாக ஜெபியுங்கள்."

பெயரைச் சொல்லவில்லையே என்று என் மனச்சாட்சி அன்று சமாதானமடைந்தது. ஆனால் சிறிய சபை அது. மருந்துக்காகத் தாம்பரம் போகிறார் என்றால் அந்நாளில் எல்லாருக்கும் பொருள் விளங்கும். டாக்டர் சவுரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம், பிற்காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அடைக்கலமாயிற்று. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்த இடம் அது. நானோ அந்த ஊரின் பெயரைக் கொண்டு ஒரு சகோதரியை அடையாளம் காட்டிவிட்டேன்.

அடுத்த நற்கருணை ஆராதனையில் பீடத்துக்கு முன் அவர் முழங்காற்படியிட்டபோது, இரு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை அவரிடம் கொண்டுசென்றபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்று வாரத்துக்குப் பின் அவருடைய வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. மருந்தைத் தொடர்ந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த இளைஞர், "நீங்க வேற ஊர்க்காரர், அதனாலதான் வந்தேன்" என்று சொன்னபோது என்னைத் தைத்தது இதுதான். உள்ளூர்ப் போதகரிடம் போனால் என்ன ஆகும் என்பதை நானே அறிவேன், செய்தவன் நானே.

கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டி ஒன்று ஒரு மாதிரியையே கெடுத்துவிடுகிறது. என் அறிவிப்பில் இருந்த கட்டியும் அவ்வளவு சிறியதுதான்: இரண்டு குறிப்புகள், ஓர் ஊரின் பெயர்.

நம் தமிழ்நாட்டில் இந்த நோயின் வரலாறே இரத்தத்தைக் கவனமாகச் சுமந்தவர்களால் தொடங்கியது. 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நிர்மலா என்ற மாணவி இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அப்போது சென்னையில் அதற்கான பரிசோதனை வசதி இல்லை. நிர்மலாவும் அவருடைய கணவரும் அவற்றைப் பனிப்பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் முதன்முதலாக வெளிப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் பிற்பாடு தம் வாழ்நாளையே இந்த நோயாளிகளுக்காகச் செலவிட்டார். மற்றவர்கள் அஞ்சி விலகியவர்களை அவர் தொட்டுச் சோதித்தார்.

தொடுதல் என்றதும் நம் செங்கல்பட்டே நினைவுக்கு வருகிறது. இங்கே திருமணியில் 1924-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். 1955-இல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் தலைமை ஏற்றிருந்த நாள்களில், 1947-இல், வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் பார்வையிட வந்தார். மடங்கிப்போன விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். செயலற்றது என்று எல்லாரும் நினைத்த அந்தக் கை அவருடைய கையை நசுக்கிவிடும் வலிமையோடு பற்றியது. அந்தப் பிடியில் தசைகள் உயிரோடிருப்பதை அவர் உணர்ந்தார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைகள் அதிலிருந்து பிறந்தன. ஒருவர் இன்னொருவருடைய கையைத் தொட்டதால் நம் ஊரில் தொடங்கிய காரியம் அது.

மாற்கு சுவிசேஷம் முதலாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கியதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தொட்டதைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். அதற்கு அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். இதை யாருக்கும் சொல்லாதே என்று ஆண்டவர் அவனைக் கண்டிப்பாக எச்சரித்து அனுப்புகிறார். செய்தியைப் பரப்பியவன் அந்த மனிதனே, ஆண்டவர் பரப்பவில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்தின் நடுவே தன் உண்மையையெல்லாம் தானே சொல்லுகிறாள். அவளுடைய வியாதி இன்னதென்று அவர் அறிவிக்கவில்லை. உன் கதை உன்னுடையது, சொல்லும் உரிமையும் உன்னுடையது. கிறிஸ்து காத்த இந்த எல்லையை நான் மீறினேன், அதுவும் ஜெபத்தின் பெயரால்.

நம் நாட்டின் சட்டமும் இன்று இதையே சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய நோய்நிலையை அவருடைய சம்மதமின்றி வெளிப்படுத்துவதை அது தடுக்கிறது. நம்பிச் சொன்னதை வெளியிட்டால் அதற்கும் பொறுப்பு உண்டு. சட்டம் வரும்வரை சபை காத்திருந்திருக்கத் தேவையில்லை.

இன்னும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அறியாமையே அந்த ஆள் இடைவெளியை உண்டாக்கியது. கைகொடுப்பதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ, ஒரே பாத்திரத்தில் குடிப்பதாலோ, கொசுக் கடியாலோ எச்.ஐ.வி. பரவாது. முன்பு சிடி4 எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே குறைந்த பிறகே மருந்து கொடுத்தார்கள். 2017 முதல், எண்ணிக்கை எதுவானாலும், கிருமி உள்ள அனைவருக்கும் சிகிச்சை தருகிறார்கள். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூட அது மற்றவருக்குப் பரவுவதில்லை. எண்ணிக்கையை இன்றும் பார்ப்பது, வேறு எந்தத் தொற்றுகளுக்கு எதிராகக் காவல் வைக்கவேண்டும் என்று அறிவதற்கே.

அந்த இளைஞரின் முதல் எண் 164. அந்தத் தாளைப் பிடித்திருந்த அவருடைய கை நடுங்கியது. ஓராண்டுக்குப் பின் வந்த எண் 388. அன்று திரும்பும் வழியில், செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று தண்ணீரையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குக் கடலுக்குப் போறேன், ஐயா" என்றார். அவ்வளவுதான். இன்றும் போகிறார். அவருடைய குப்பத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. எப்போதாவது சொல்வாரா என்பது அவருடைய தீர்மானம்.

பிரியமானவர்களே, இந்த வாரம் நம் சபையில் ஒரு மாற்றத்தைத் தொடங்குவோம். இனிமேல் பிறருக்காக ஜெப விண்ணப்பம் கொடுக்கும்போது, முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் எவ்வளவு சொல்லச் சொன்னாரோ அவ்வளவே சொல்லுங்கள். பெயரை மறைத்துவிட்டு அடையாளங்களைச் சொல்லாதீர்கள். கேட்கிறவர்களும், "யார் அது?" என்று கேட்காதீர்கள். கர்த்தருக்கு அவர் யாரென்று தெரியும். நமக்குத் தெரியாவிட்டால் ஜெபம் குறைந்துபோகாது. நான் இந்த ஒழுங்கை மீறினால், வயதில் சிறியவராயினும் என் அருகில் வந்து, "பெயர் வேண்டாம், ஐயா" என்று சொல்லுங்கள். நான் நிறுத்திக்கொள்வேன்.

எங்கோ ஓர் ஊரில் அந்தச் சகோதரி இருக்கக்கூடும். ஒருவேளை இந்த வரிகள் அவருடைய கண்ணில் படலாம். அம்மா, நான் உங்களை அறிவித்திருக்கக் கூடாது. நீங்கள் என் கையில் கொடுத்ததை நான் சிந்திவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் தலைமயிரையும் எண்ணி அறிந்திருக்கிற ஆண்டவரே, பிறர் எங்களிடம் நம்பி ஒப்படைக்கும் வாழ்வைச் சிந்தாமல் சுமக்கும் கைகளை எங்களுக்குத் தாரும். எங்கள் நாவால் காயப்பட்டு விலகிப் போனவர்களை நீர் விலகாமல் காத்தருளும். மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் பெயரறியாத மனிதருக்காக உழைக்கும் அனைவரையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்